விதி மாறினால் பிளாக்ஜாக் கணக்கு எப்படி மாறுகிறது?

பிளாக்ஜாக் பற்றி வந்த புத்தகங்களில் பெரும்பாலானவை ஆட்டக்காரர் என்ன செய்ய வேண்டும் என்பதையே பேசுகின்றன. எப்போது சீட்டு கேட்பது, எப்போது நிற்பது, எப்போது பந்தயத்தை இரட்டிப்பது, எப்போது ஜோடியைப் பிரிப்பது என்று எல்லாவற்றுக்கும் ஓர் அட்டவணை உண்டு. 'அடிப்படை உத்தி' என்பது அதன் பெயர். பல காசினோக்களின் கடைகளிலேயே அதைச் சிறு அட்டையாக வாங்கலாம். மேஜையில் வைத்துப் பார்த்துப் பார்த்து ஆடினாலும் பெரும்பாலான இடங்களில் யாரும் தடுப்பதில்லை. எதிராளிக்குச் சரியான ஆட்டத்தைத் தாங்களே சொல்லிக் கொடுக்கிற துணிச்சல் காசினோக்களுக்கு எப்படி வருகிறது? அட்டவணை எட்டாத இடத்தில் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ள வழி இருப்பதால்தான் வருகிறது. அந்த இடம் விதிகள். எந்த விதி எவ்வளவு எடுக்கிறது, எந்த விதி ஆட்டத்தை மாற்றுகிறது என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். ஆட்டத்தை அதிகம் மாற்றுகிற விதிகள் பலவும் சில்லறையைத்தான் எடுக்கின்றன. பெருந்தொகையை எடுக்கிற விதியோ ஆட்டத்தை ஏறக்குறையத் தொடுவதே இல்லை.

காசினோவின் சாதகம் என்று இந்தக் கட்டுரையில் சொல்வது ஒரு சராசரி. 100 ரூபாய் பந்தயம் வைத்தால் நீண்ட ஓட்டத்தில் அதில் எவ்வளவு காசினோவிடம் தங்கும் என்ற அளவு அது.

ஆட்டம் எளிது. 21ஐத் தாண்டாமல், காசினோ சார்பில் ஆடும் டீலரைவிட அதிகம் சேர்க்க வேண்டும். படச் சீட்டுகளுக்கு மதிப்பு பத்து, ஏஸுக்கு ஒன்று அல்லது பதினொன்று. டீலருக்குச் சொந்த விருப்பம் கிடையாது. 16 வரை எடுத்தே தீர வேண்டும், 17 வந்தால் நின்றே தீர வேண்டும். நாமும் அப்படியே ஆடினால் சரிசமமாகப் போய்விடாதா என்று தோன்றும். போகாது, ஏனென்றால் நாம் முதலில் எடுக்கிறோம். நாம் 21ஐத் தாண்டினால் பணம் அந்த நொடியே போய்விடும், பிறகு டீலர் தாண்டினாலும் திரும்பி வராது. டீலரைப் போல ஆடுகிறவர் 100 கைகளில் சுமார் 28இல் தாண்டுவார், டீலருக்கும் அதே அளவு. இருவரும் ஒரே கையில் தாண்டுவது 100க்கு ஏறத்தாழ 8. காசினோவின் பிழைப்பு முழுவதும் இந்த எட்டிலிருந்து தொடங்குகிறது. முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்தும் சேர்ந்தால் ('பிளாக்ஜாக்' என்பது இந்தக் கைதான்) ஒன்றுக்கு ஒன்றரை கிடைக்கும். அந்தக் கூடுதல் தொகையால் 2.3 ரூபாய் நம்மிடம் திரும்புகிறது. மிச்சம் ஐந்தரை ரூபாய் சொச்சம். டீலரைப் பார்த்து அப்படியே ஆடுகிறவர் கொடுக்கும் விலை இது. தாண்டிவிடுவோமோ என்று பயந்து 12இலேயே நிற்கிறவர் சுமார் 4 ரூபாய் கொடுக்கிறார். டீலரின் திறந்த சீட்டைப் பார்த்துச் சரியாக நின்று, சரியாக இரட்டித்து, சரியாகப் பிரித்தால் நல்ல மேஜையில் இது அரை ரூபாய்க்கு வந்துவிடும். அடிப்படை உத்தியின் மதிப்பு அவ்வளவு பெரியது. அதைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை.

இந்த உத்தியை முதலில் ஒழுங்காகக் கணக்கிட்டவர்கள் அமெரிக்காவில் மேரிலாண்ட் மாநிலத்தின் அபர்தீன் ராணுவத் தளத்தில் இருந்த நான்கு பேர்: ரோஜர் பால்ட்வின், வில்பர்ட் கேன்டி, ஹெர்பர்ட் மைசல், ஜேம்ஸ் மெக்டெர்மாட். கணினி இல்லை. மேஜைமேல் வைக்கும் கணக்குப் பொறிகளைக் கொண்டே போட்டார்கள். 1956இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் ஆய்விதழில் அது வெளிவந்தது. பிறகு வந்த பெருங்கணினிகள் அவர்கள் அட்டவணையில் திருத்தியது மிகக் கொஞ்சம். அதைப் படித்த எட்வர்ட் தோர்ப் எம்ஐடியில் ஐபிஎம் 704 கணினியில் வேறொரு கேள்வி கேட்டார். கட்டிலிருந்து சில சீட்டுகள் வெளியேறிவிட்டால் என்ன ஆகும்? பத்துகளும் ஏஸும் மிஞ்சியிருக்கும்போது ஆட்டம் நம் பக்கம் சாயும், சின்னச் சீட்டுகள் மிஞ்சினால் எதிர்ப்பக்கம் சாயும் என்பது விடை. 1962இல் அவருடைய 'பீட் த டீலர்' வந்ததும் சீட்டை எண்ணுகிற ஆட்டக்காரர்கள் பெருகினார்கள்.

காசினோக்கள் பதிலடி கொடுத்த விதத்தைக் கவனிக்க வேண்டும். 1964 ஏப்ரலில் லாஸ் வேகஸ் காசினோக்கள் இரண்டு விதிகளை மாற்றின. 11க்கு மட்டுமே இரட்டிக்கலாம், ஏஸ் ஜோடியைப் பிரிக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து சுமார் ஒரு ரூபாய் எடுத்திருக்கும். சீட்டை எண்ணத் தெரியாத சாதாரண ஆட்டக்காரர்களே மேஜையை விட்டு எழுந்து போனார்கள். சில வாரங்களில் பழைய விதிகள் திரும்பின. இந்த ஆட்டத்தின் வரலாற்றிலேயே எனக்கு மிக முக்கியமாகப் படும் சம்பவம் இது. அந்த ஆட்டக்காரர்களுக்கு சதவீதம் தெரியாது. ஆனால் கையில் இரண்டு ஏஸ் வந்து உட்கார்ந்திருக்கும்போது பிரிக்க விடமாட்டேன் என்று டீலர் சொன்னால் யாருக்கும் உறைக்கும்.

அடுத்த சுற்றில் காசினோக்கள் கை வைத்தது உறைக்காத இடத்தில். 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் லாஸ் வேகஸ் ஸ்ட்ரிப்பில் ஒற்றைக் கட்டு மேஜைகளில் பிளாக்ஜாக்குக்கு 3க்கு 2 என்பதற்குப் பதில் 6க்கு 5 என்று மாறியது. ஒற்றைக் கட்டு ஆட்டக்காரருக்கு நல்லது என்ற பழைய நம்பிக்கை விளம்பரமாக உதவியது. பின்னர் ஆறு கட்டு, எட்டுக் கட்டு மேஜைகளுக்கும் அது பரவிவிட்டது. 6, 5 என்ற எண்கள் 3, 2ஐவிடப் பெரியவை என்பதால் கூடக் கிடைப்பதாக மயங்கியவர்களும் உண்டு.

இதன் விலையைக் கணிக்கப் பள்ளிக்கூடக் கணக்கே போதும். ஆறு கட்டில் 312 சீட்டுகள், அதில் ஏஸ் 24, பத்து மதிப்புள்ளவை 96. முதல் இரண்டு சீட்டில் ஒன்று ஏஸாகவும் மற்றது பத்தாகவும் வரும் வாய்ப்பு 100க்கு 4.75, அதாவது 21 கைகளுக்கு ஒன்று. அந்தக் கைகளில் சுமார் இருபதில் ஒன்றில் டீலருக்கும் பிளாக்ஜாக் வந்து ஆட்டம் சமமாகிவிடும். மற்றவற்றில் 100 ரூபாய்க்கு 150 கிடைத்த இடத்தில் இப்போது 120. முப்பது ரூபாய் குறைவு. பெருக்கிப் பார்த்தால் ஒவ்வொரு 100 ரூபாய் பந்தயத்துக்கும் 1.36 ரூபாய். அரை ரூபாய் சாதகம் இருந்த மேஜையை இரண்டு ரூபாய்ப் பக்கம் கொண்டுபோய்விடுகிறது. அடிப்படை உத்தியை எவ்வளவு கவனமாகப் படித்திருந்தாலும் இதற்குப் பதில் கிடையாது. ஏஸும் பத்தும் வந்த கையில் ஆட்டக்காரர் செய்ய ஒன்றுமே இல்லை. பணத்தை வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான். தவறான முடிவு எடுத்தோம் என்ற உறுத்தலும் வராது, வென்ற சந்தோஷத்தில் குறைந்தது தெரியவும் தெரியாது.

6க்கு 5 விதி ஆட்டத்தை மாற்றுகிற இடம் ஏறக்குறைய ஒன்றே ஒன்று. நமக்கு பிளாக்ஜாக், டீலரின் திறந்த சீட்டு ஏஸ் என்று வைத்துக்கொள்வோம். பல மேஜைகளில் டீலர் அப்போது, இப்போதே ஒன்றுக்கு ஒன்று தந்துவிடட்டுமா என்று கேட்பார். ஆறு கட்டில் நம் இரண்டு சீட்டும் டீலரின் ஏஸும் போக 309 சீட்டுகள். அதில் பத்து 95. டீலருக்கு பிளாக்ஜாக் அமையாத வாய்ப்பு 309இல் 214. பழைய விதியில் மறுத்துவிட்டுக் காத்திருந்தால் 100 ரூபாய்க்குச் சராசரியாக 104 ரூபாய் கிடைக்கும். ஆகவே வேண்டாம் என்பதே சரி. 6க்கு 5இல் காத்திருந்தால் 83 ரூபாய்தான், ஒன்றுக்கு ஒன்று கொடுத்தால் உடனே வாங்கிக்கொள்ள வேண்டும். காசினோக்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும். அதனால் 6க்கு 5 மேஜைகளில் பெரும்பாலும் அப்படிக் கேட்பதே இல்லை. முன்பு ஆட்டக்காரர் தவறு செய்ய வாய்ப்பாக இருந்த ஒரு சலுகை, அது அவருக்கு லாபமாக மாறிய அன்றே காணாமல் போயிற்று.

டீலர் சாஃப்ட் 17இல் என்ன செய்கிறார் என்ற விதி இதற்கு நேர் எதிர். ஏஸை 11ஆக எண்ணி 17 சேர்ந்தால் அது சாஃப்ட் 17. ஏஸும் ஆறும் அதற்கு உதாரணம். பழைய நல்ல விதிப்படி டீலர் அதில் நிற்பார். இப்போது பல இடங்களில் இன்னொரு சீட்டு எடுக்கிறார். எடுப்பதால் டீலர் 21ஐத் தாண்டுவது சற்றுக் கூடவே செய்கிறது. அப்படியிருந்தும் நமக்கு நஷ்டம். காரணம், 17 என்பது டீலருக்கு மோசமான கை. ஏஸ்-ஆறுடன் ஒரு சீட்டு எடுத்தால் பதின்மூன்று வகைகளில் நான்கு (ஏஸ், 2, 3, 4) அவரை 18 முதல் 21 வரை உயர்த்தும், நான்கு (பத்தும் படச் சீட்டுகளும்) 17லேயே விடும், ஐந்து மட்டுமே கஷ்டத்தில் தள்ளும். முடிவில் ஆட்டக்காரருக்கு 0.2 ரூபாய் இழப்பு. அட்டவணையில் மாற்றங்களும் வருகின்றன. டீலர் ஏஸ் காட்டும்போது 11ஐ இரட்டிக்க வேண்டும், ஏஸ்-எட்டை 6க்கு எதிராகவும் ஏஸ்-ஏழை 2க்கு எதிராகவும் இரட்டிக்க வேண்டும், சரணடைய (அது என்ன என்று பின்னர் பார்ப்போம்) அனுமதி இருந்தால் 15ஐ ஏஸுக்கு எதிராக விட்டுவிட வேண்டும். ஆர்வலர்கள் இவற்றை மணிக்கணக்கில் விவாதிப்பார்கள். இந்த மாற்றங்களை எல்லாம் செய்யாமல் பழைய அட்டவணைப்படியே ஆடினாலும் கூடுதல் இழப்பு ரூபாயில் நூறில் ஓரிரு பங்கைத் தாண்டாது.

கட்டுகளின் எண்ணிக்கை இடைப்பட்டது. மற்ற விதிகள் ஒன்றாக இருந்தால் ஒரு கட்டிலிருந்து எட்டுக் கட்டுக்குப் போவது அரை ரூபாய்க்குச் சற்று மேல் எடுக்கும். பெரும்பகுதி ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போதே போய்விடும், ஆறுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் மிகச் சொற்பம். ஏன் என்பது இரட்டிப்பில் தெரியும். கையில் ஆறும் ஐந்தும், டீலரிடம் ஆறு. ஒற்றைக் கட்டில் மூன்று சின்னச் சீட்டுகள் வெளியேறிவிட்டதால் அடுத்தது பத்தாக வர 49இல் 16 வாய்ப்பு, 100க்கு 32.7. ஆறு கட்டில் அதே மூன்று சீட்டு போனாலும் 31.1தான். பிளாக்ஜாக்கிலும் அப்படியே. ஒற்றைக் கட்டில் நமக்கு அது வந்தால் டீலருக்கும் வந்து சமமாகும் வாய்ப்பு 3.7, ஆறு கட்டில் 4.6.

இரட்டிப்பையும் பிரிப்பையும் பற்றிய சில்லறை விதிகளை விரைவாகக் கடந்துவிடலாம். பிரித்த பிறகு இரட்டிக்க விட்டால் நமக்கு 0.14 ரூபாய், ஏஸை மறுபடி பிரிக்க விட்டால் 0.08. 10, 11க்கு மட்டுமே இரட்டிப்பு என்றால் பல கட்டு ஆட்டத்தில் இழப்பு 0.18. ஐரோப்பிய வழக்கில் டீலர் இரண்டாவது சீட்டை ஆட்டக்காரர்கள் ஆடி முடித்த பிறகே எடுப்பார். அதனால் இரட்டித்த, பிரித்த பணமும் டீலரின் பிளாக்ஜாக்குக்கு இரையாகலாம். 0.11 ரூபாய் இழப்பு. ஆனால் அட்டவணை நிறையவே மாறும். டீலர் பத்தோ ஏஸோ காட்டினால் 11ஐ இரட்டிக்கக் கூடாது, எட்டு ஜோடியைப் பிரிக்கக் கூடாது.

சரணடைவது மட்டும் தனியாக நின்று பேச வேண்டியது. பாதிப் பந்தயத்தை விட்டுக்கொடுத்து விலகும் உரிமை அது. கையில் 16, டீலரிடம் பத்து என்றால் எடுத்தாலும் நின்றாலும் 100 ரூபாய்க்குச் சராசரி இழப்பு சுமார் 54. சரணடைந்தால் 50. டீலர் தன்னிடம் பிளாக்ஜாக் இல்லை என்று பார்த்த பிறகு தரும் இந்த வழக்கமான சரணின் மதிப்பு 0.08 ரூபாய்தான். அதையே டீலர் பார்ப்பதற்கு முன் கொடுத்தால் மதிப்பு 0.6க்கு மேல் எகிறிவிடும். அட்லாண்டிக் சிட்டியில் நடந்தது இதுதான். 1978 மே மாதம் ரிசார்ட்ஸ் இன்டர்நேஷனல் திறந்தபோது முன்கூட்டியே சரணடைய நியூ ஜெர்சியின் விதிகள் இடம் கொடுத்தன. டீலர் ஏஸ் காட்டினால் 5 முதல் 7 வரையும் 12 முதல் 17 வரையும், பத்து காட்டினால் 14 முதல் 16 வரையும் சரணடைந்துகொண்டிருந்தால் போதும், சீட்டை எண்ணவே தெரியாத ஒருவருக்கும் மேஜை சற்றே லாபமாக இருந்தது. எண்ணத் தெரிந்தவர்கள் குவிந்தார்கள். அவர்களில் பெயர்பெற்ற கென் யூஸ்டனை ரிசார்ட்ஸ் வெளியேற்றியது, அவர் வழக்குப் போட்டார். 1981இல் அந்தச் சரண் விதி நீக்கப்பட்டது. 1982இல் மாநில உச்ச நீதிமன்றம், எண்ணுகிறார் என்பதற்காகக் காசினோ தானாக ஒருவரை விலக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. யூஸ்டன் வழக்கில் வென்றார். ஆள்களைத் தடுக்க முடியாத காசினோக்கள் கட்டுகளைக் கூட்டின, அடிக்கடி கலைத்தன. அதன் விலையை எண்ணத் தெரியாதவர்களும் சேர்ந்தே கொடுத்தார்கள்.

புதுப்பெயரில் வரும் ஆட்டங்கள் ஒரு கையில் கொடுத்து மறுகையில் எடுப்பவை. 1979இல் பாப் ஸ்டூபக்கின் வேகஸ் வேர்ல்டில் அறிமுகமான டபுள் எக்ஸ்போஷரில் டீலரின் இரண்டு சீட்டும் திறந்தே இருக்கும். எவ்வளவு தாராளம் என்று தோன்றும். ஆனால் சமமானால் டீலருக்கே வெற்றி, பிளாக்ஜாக்குக்கு ஒன்றுக்கு ஒன்றுதான். உத்தி தலைகீழாகிவிடும். டீலர் 20 வைத்திருந்தால் நம் கையில் 20 இருந்தாலும் ஏஸை எதிர்பார்த்துச் சீட்டு கேட்க வேண்டும், நின்றால் தோல்வி நிச்சயம். 1995இல் வந்த ஸ்பானிஷ் 21இல் ஒவ்வொரு கட்டிலிருந்தும் நான்கு பத்துச் சீட்டுகளை எடுத்துவிடுகிறார்கள், படச் சீட்டுகள் இருக்கும். அது மட்டுமே சுமார் இரண்டு ரூபாய் எடுக்கும். பதிலுக்கு நம் 21 எப்போதும் வெல்லும், எத்தனை சீட்டுக்குப் பிறகும் இரட்டிக்கலாம், ஐந்து சீட்டில் 21 சேர்த்தால் கூடுதல் பணம். இந்த ஆட்டத்துக்கென்றே இருக்கும் உத்தியைக் கற்றவருக்கு, டீலர் சாஃப்ட் 17இல் நின்றால், சாதகம் 0.4 ரூபாய் அளவுக்கு இறங்கும். 6க்கு 5 மேஜையைவிட எவ்வளவோ மேல். பழைய அட்டவணையோடு போனால் அந்த நன்மை கிடைக்காது. டீலர் ஏஸ் காட்டும்போது அவருக்கு பிளாக்ஜாக் அமையும் என்று தனியாக வைக்கும் இன்சூரன்ஸ் பந்தயத்தை வைத்தால் இன்னும் மோசம். சாதாரண ஆறு கட்டில் 100க்கு 7.4 இழக்கும் அந்தப் பந்தயம் இங்கே 24.7 இழக்கும், டீலரின் பிளாக்ஜாக்கை அமைக்கும் பத்துகள்தான் குறைக்கப்பட்டுவிட்டனவே. ஜெஃப் ஹாலின் பிளாக்ஜாக் ஸ்விட்சில் இரண்டு கைகளுக்கிடையே சீட்டை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் டீலர் 22 ஆனால் மட்டும் அவருக்குத் தோல்வி கிடையாது, சமம். மாற்றிக்கொள்ளும் ஆனந்தம் ஒவ்வொரு கையிலும் தெரியும். 22இன் விலை மெதுவாகவே தெரியும்.

இந்தப் பின்னங்கள் பணமாகும்போது எப்படி இருக்கும்? மணிக்கு 70 கை என்று வைத்துக்கொள்வோம். 3க்கு 2 தரும், டீலர் சாஃப்ட் 17இல் எடுக்கும் மேஜையில் கைக்கு 25 டாலர் போட்டுச் சரியாக ஆடுகிறவர் மணிக்குப் பத்தரை டாலர் இழப்பார். பக்கத்தில் குறைந்தபட்சப் பந்தயம் 15 டாலர், பிளாக்ஜாக்குக்கு 6க்கு 5. பணம் மிச்சம் என்று அங்கே உட்கார்ந்தவர் அதே திறமையோடு ஆடி மணிக்கு 21 டாலர் இழப்பார். மலிவான மேஜையைத் தேடுகிறவர்கள், அதாவது இழக்கக் குறைவாக வைத்திருப்பவர்கள், இரட்டிப்பாகக் கொடுக்கிறார்கள். எனக்கு இதில் ஏற்படும் கோபத்தை மறைக்க விரும்பவில்லை.

சிங்கப்பூரில் வசிக்கும் தமிழ் வாசகர்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. அங்கே குடிமக்களும் நிரந்தரவாசிகளும் காசினோவுக்குள் நுழைய 2019 முதல் ஒரு நாளைக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும். மேலே சொன்ன 3க்கு 2 மேஜையின் கணக்கில் டாலருக்குப் பதில் வெள்ளியை வைத்துப் பார்த்தால் 14 மணிநேரத்துக்கு மேல் ஆடினால்தான் இழப்பு அந்தத் தொகையை எட்டும். ஒரு மாலை விளையாடிவிட்டு வரும் உள்ளூர்வாசிக்கு வாசலில் கொடுத்ததே எல்லா விதிகளையும்விடப் பெரிய விதி. நுழைவுப் பணத்தை எப்படியாவது திரும்ப எடுத்துவிட வேண்டும் என்று நேரத்தை நீட்டினால் மேஜையின் சாதகமும் கூடவே ஓடும்.

வேகமும் இப்படிப்பட்ட ஒன்றுதான். இடைவிடாமல் கலைக்கும் இயந்திரம் வைத்த மேஜையில் சீட்டை எண்ண முடியாது என்று அதைத் திட்டுவார்கள். எண்ணாதவருக்கு அந்த இயந்திரத்தால் சதவீதம் துளி குறையத்தான் செய்கிறது. ஆனால் கலைப்பதற்காக ஆட்டம் நிற்பதே இல்லை, மணிக்கு அதிகக் கைகள் ஓடும், மொத்த இழப்பு கூடும். அட்டவணையில் இதற்கும் கட்டம் கிடையாது.

பிரிட்டனில் காசு போட்டு ஆடும் இயந்திரங்களில் சராசரியாக எத்தனை சதவீதம் திரும்பக் கிடைக்கும் என்பதைக் காட்டியாக வேண்டும். பிளாக்ஜாக்கில் அப்படி இல்லை. மேஜை விரிப்பில் பிளாக்ஜாக்குக்கு எவ்வளவு, டீலர் சாஃப்ட் 17இல் எடுப்பாரா நிற்பாரா என்று அச்சிட்டிருக்கும். அவை சேர்ந்து எவ்வளவு எடுக்கின்றன என்று இருக்காது. ஆடுகிறவரின் திறமையைப் பொறுத்து மாறும் எண்ணை எப்படி அச்சிடுவது என்று காசினோ தரப்பு கேட்கலாம். சரியாக ஆடினால் இவ்வளவு என்று குறைந்தபட்ச எண்ணை அச்சிடலாம். அபர்தீனில் நான்கு பேர் கணக்குப் பொறிகளைக் கொண்டே நெருங்கிய எண் அது, இன்று எந்த மேஜைக்கும் நொடியில் கணக்கிட்டுவிடலாம். 15 டாலர் என்று எழுதிய பலகையில் அதற்குக் கீழே 2 சதவீதம் என்றும், பக்கத்து மேஜையின் 25 டாலருக்குக் கீழே 0.6 சதவீதம் என்றும் இருந்தால் போதும்.